சுண்டுவிரலில் மிச்சம் வைத்த முகம்

பெய்ஷென் முதலில் குறை சொன்னது அச்சகத்தைத்தான். மாஸ்கோவிலிருந்து வரும் பிரெயில் பத்திரிகையை மடியில் விரித்துக்கொண்டு, தொழிற்சாலை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் முறையிட்டார்.

"புள்ளியே எழும்பல. முன்னாடியெல்லாம் ஒவ்வொரு புள்ளியும் தினை மாதிரி நிக்கும். இப்போ ரொட்டியில வெண்ணெய் தடவுற மாதிரி தடவி அனுப்புறான்."

பக்கத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த புருல் தோலைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "அவங்களுக்கே சம்பளம் ஒழுங்கா வரலையாம். உனக்குப் புள்ளி வேணுமாக்கும், புள்ளி!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. பெய்ஷெனும் சிரித்தார். அன்றைக்கு யாராவது அந்தத் தாளை வாங்கித் தடவியிருந்தால் விஷயம் அப்போதே வெளியே வந்திருக்கும். யாரும் தடவவில்லை. புள்ளி எழும்பவில்லை என்று பெய்ஷென் சொன்னால் எழும்பவில்லைதான். எங்கள் கட்டிடத்தில் அவர் விரலை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

எங்கள் கட்டிடம் பார்வையற்றவர்களின் கட்டிடம். சூய் பள்ளத்தாக்கில், தலைநகர் பிஷ்கெக் போகும் சாலையோரம், சுவிட்சும் பிளக் பாயிண்டும் செய்யும் ஒரு பழைய தொழிற்சாலை. அதன் முதுகோடு ஒட்டினாற்போல், வேலை செய்கிறவர்களுக்காகச் சோவியத் காலத்தில் கட்டிய நான்கு மாடி. மாடிப்படியிலிருந்து பட்டறைக் கதவுவரை இடுப்புயரத்தில் ஓர் இரும்புக் கம்பி ஓடும். யார் முன்னால் போகிறார், நல்ல மனநிலையில் போகிறாரா, சண்டை போட்டுவிட்டுப் போகிறாரா என்பதெல்லாம் அந்தக் கம்பியின் அதிர்விலேயே பின்னால் வருகிறவருக்குத் தெரிந்துவிடும். பொழுது சாய்ந்தாலும் பெரும்பாலான ஜன்னல்களில் விளக்கு எரியாது. வெளியூர்க்காரர்கள் காலி வீடு என்று நினைத்துப் கதவை ஆட்டிப் பார்த்து, உள்ளேயிருந்து வரும் வசவைக் கேட்டு ஓடியிருக்கிறார்கள். என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பார்வை கிடையாது. எனக்கு உண்டு, அதனால் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன்.

பெய்ஷென் நாரின் என்ற ஊரின் மேய்ச்சல் மலையில் பிறந்தவர். நடக்கவும் குதிரையில் உட்காரவும் பழகி முடித்த வயதில் அம்மை வந்து கண்ணைக் கொண்டுபோய்விட்டது. கடைசியாக என்ன பார்த்தீர்கள் என்று வெளி ஆட்கள் கேட்பதுண்டு. "எங்க மாடு ஒண்ணோட பின்பக்கம்" என்பார். உண்மையில் அவருக்கு எதுவும் ஞாபகமில்லை. ஏதாவது சொல்லாவிட்டால் விடமாட்டார்கள் என்பதற்காகச் சொல்வது.

நகரத்தில் பார்வையற்றோர் விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே புத்தகங்கள் குறைவு. ஒரு புத்தகத்துக்கு இரண்டு பேர். இடது பக்கம் பெய்ஷெனுக்கு, வலது பக்கம் கன்ஷாயிம் என்ற பெண்ணுக்கு. இவர் ஒரு பக்கம் படித்துவிட்டு அடுத்தது தெரியாமல் தவிப்பார். அவள் முன்னால் நடந்தது தெரியாமல் தவிப்பாள். தாளைத் திருப்பும் முன் ஒருவருக்கொருவர் காதில் சொல்லிக்கொள்ள வேண்டும். இப்படிக் கிசுகிசுத்தே கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டது என்று கன்ஷாயிம் என் அம்மாவிடம் சொல்லிச் சிரித்ததைக் கேட்டிருக்கிறேன். இருவருக்கும் ஒரே மகள், ஜிபார். பார்வையுள்ளவள்.

பட்டறையில் பெய்ஷெனுக்குக் கடைசி மேசை. அவரைப் போலவே பார்வையற்ற புருல் எதிரே உட்கார்ந்து பூட்டிக் கொடுக்கும் பிளக் பாயிண்டுகளை இவர் சரிபார்ப்பார். பித்தளைத் தகடு நேராக உட்கார்ந்திருக்கிறதா, ஸ்பிரிங் பிடிக்கிறதா, திருகு தலை நிமிர்ந்திருக்கிறதா என்று விரல் ஒரு தடவை உள்ளே போய் வரும், அவ்வளவுதான். கையில் வேலை ஓடிக்கொண்டிருக்க வாயில் புருலோடு சண்டை ஓடும்.

ஆனால் அவருடைய உண்மையான பதவி தொழிற்சாலைக்கு வெளியே. எங்கள் கட்டிடத்தில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் எல்லோரும் கூடுவோம். முகம் பார்க்கிறவர்கள் வெறுங்கையோடு வரக்கூடாது. வெள்ளிப் பொத்தானோ, கரண்டியோ, கம்பளிக் காலுறையோ ஏதாவது ஒன்று. பார்ப்பது என்றால் விரலால் பார்ப்பதுதான். முதல் ஆளாகப் பார்க்கிறவர் பெய்ஷென். அவருடைய விரல்கள் நெற்றியில் இறங்கி, புருவ எலும்பின் மேல் நடந்து, மூக்கைத் தாண்டி, தாடைக்கு வந்து சேரும். குழந்தை அழாது. பிறகு அவர் தீர்ப்புச் சொல்வார்.

"நெத்தி அப்பனோடது. மூக்கு தாய்மாமன் வீட்டு மூக்கு. காது யாருடையதும் இல்ல, இது பெரிய ஆளா வரும்."

இதைச் சொன்ன பிறகுதான் குழந்தைக்கு ஒரு முகம் வந்ததாக வீட்டார் நினைத்தார்கள். ஒரே ஒரு தடவை, இரண்டாவது மாடியில், ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் வாயைத் திறக்கவில்லை. அடுத்த குளிர்காலத்துக்குள், பிள்ளை வேறு யாருடையதோ என்ற சந்தேகத்தில், அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்தார்கள். "அன்னிக்கு எனக்குப் பல்வலிடா, சத்தியமா பல்வலி" என்று பெய்ஷென் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தார். நம்ப ஆளில்லை. அதிலிருந்து அவர் பேச்சைவிட அவருடைய மௌனத்துக்குப் பயம் அதிகமாகிவிட்டது.

கன்ஷாயிம் ஒரு வசந்த காலத்தில் நுரையீரல் காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கத்துக்கு எடுக்கும் முன் பெய்ஷென் அவள் முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பெண்கள் அழுகையை நிறுத்திக் காத்திருந்தார்கள். முடித்ததும் இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அன்று முழுவதும் அவற்றை வெளியே எடுக்கவில்லை. யாருக்கும் கை கொடுக்கவில்லை. ரொட்டியைக்கூடத் தொடவில்லை.

அதன் பிறகு அவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. வந்தது என்பதைவிட, முன்பே வந்திருந்ததை அப்போதுதான் கண்டுபிடித்தார்கள் என்பது சரி. தேநீரில் செர்ரி ஜாமைக் கரைத்துக் குடிக்கிற மனிதர். மாத்திரை கொடுத்தார்கள், ஞாபகம் வந்தால் போட்டுக்கொண்டார். ஒரு குளிர்காலத்தில் கம்பியைப் பிடித்து அவர் நடந்து போனபோது, பின்னால் வந்த நான் பனியின் மேல் சிவப்பாகப் புள்ளிகளைப் பார்த்தேன். அவருடைய ஒவ்வொரு வலது காலடியிலும் ஒன்று.

"பெய்ஷென் பைகே, நில்லுங்க. காலில ரத்தம்" என்றேன். மூத்த ஆண்களை நாங்கள் பைகே என்றுதான் கூப்பிடுவோம்.

"யார் காலில?"

பட்டறை பெஞ்சில் உட்கார வைத்துக் காலணியைக் கழற்றினோம். குதிகாலில் ஒரு பித்தளைத் திருகு தலைவரை இறங்கியிருந்தது. காலையிலிருந்து அதன் மேல்தான் நடந்திருக்கிறார். புருல் கையை நீட்டித் தடவிப் பார்த்து, "அட பாவி மனுசா, இது நம்ம சரக்கு! தொழிற்சாலைச் சாமானைத் திருடிக் காலுக்குள்ள வச்சுக் கடத்துறியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பெய்ஷென் மட்டும் சிரிக்காமல் அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், வேறு யாரோ தன்னிடம் கொடுத்து வைத்த பொருளைப் பிடித்திருப்பதுபோல.

பத்திரிகை விவகாரம் அதற்கு அடுத்த கோடையில். அச்சகத்தைத் திட்டி முடித்த சில நாட்களில் அவர் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்திருக்கிறார். விடுதியில் கன்ஷாயிமோடு பாதிப் பாதியாகப் படித்த புத்தகம். பள்ளிக்கூடம் கழித்துப் போட்டபோது கேட்டு வாங்கி வந்தது. அந்தக் காலத்து அச்சு, கெட்டித் தாள், தினை தினையாய்ப் புள்ளி. திறந்தார். இடது பக்கம் வழவழவென்று இருந்தது. வலது பக்கமும்.

மறுநாள் காலை புருலின் கதவைத் தட்டி அந்தப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார்.

"படி."

"என்ன, விடியக்காலையில கதை கேக்குற வயசா?"

"முதல் வரி படி, புருல்."

அவள் படித்தாள். ஒரு எழுத்தில்கூடத் தடுமாறவில்லை. படித்து முடித்ததும் அவளுக்கே புரிந்துவிட்டது.  அன்று அவள் கதவைத் திறந்து போட்டபடி நின்றதையும், அவர் மாடிப்படியில் இறங்கிப் போகும் சத்தம் தேய்வதையும் என் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் புருல்தான் கூடப் போனாள். அங்கே நடந்ததை வந்து என் அம்மாவிடமும் என்னிடமும் மட்டும் சொன்னவளும் அவள்தான். டாக்டரம்மா ஊசியால் ஒவ்வொரு விரலாகக் குத்திக் குத்திக் கேட்டாளாம். "தெரியுதா?" "இல்ல." "இது?" "இல்ல." கால்பக்கம் முழங்கால் வரைக்கும் போயிருந்தது. கையில் மணிக்கட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. இடது கைச் சுண்டுவிரலில் மட்டும் அவர் "ஆ" என்று கத்தினார். கத்திவிட்டுச் சிரித்தாராம்.

"போனது திரும்பாதா, டாக்டர்?"

"போன நரம்பு போனதுதான், பெரியவரே. சர்க்கரையைக் கட்டுப்படுத்தினா இருக்கறது கொஞ்ச நாள் தங்கும்."

"எத்தனை நாள்?"

"அதை எப்படிச் சொல்ல முடியும்?"

"வசந்தம் வரைக்கும் தங்குமா?"

டாக்டரம்மாவுக்கு ஏன் வசந்தம் என்று தெரியாது. புருலுக்குத் தெரியும். ஜிபார் நோவோசிபிர்ஸ்கில் ஒரு தையல் கூடத்தில் வேலை செய்தாள். புருஷன் எர்மெக்குக்கு அங்கே கட்டிட வேலை. அவள் அப்போது நிறைமாதம். பிள்ளை பிறந்து, சைபீரியக் குளிர் முடிந்ததும் தூக்கிக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

இலையுதிர் காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. அய்தனா என்று பெயர் வைத்தார்கள். ஜிபார் போனில் கூவினாள். பெய்ஷெனின் கைப்பேசி எப்போதும் சத்தமாகத்தான் பேசும். மாடிப்படி முழுக்கக் கேட்டது.

"அத்தா! அப்படியே அம்மா! அந்த நெத்தி, அந்த மூக்கு... நர்ஸ் கையிலேருந்து வாங்கினதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு!"

"அப்படியா? அப்படியா?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். போனை வைத்த பிறகு புருலிடம் சொன்னார்: "அது கண்ணு சொல்ற சேதி. கன்ஷாயிம் முகம் கண்ணுல எப்படி இருக்கும்னு எனக்கு என்ன தெரியும்? என் விரல் சொல்லணும்."

"அப்போ பொண்ணுகிட்ட விசயத்தைச் சொல்லு. நாளைக்கே டிக்கெட் போட்டு வருவா."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? என்ன கெட்டுப்போகுது?"

"என் செத்த கையைப் பார்க்க அவ ஓடி வரக் கூடாது. பிள்ளைய நான் பார்க்க, அவ கொண்டுட்டு வரணும். அது வேற, இது வேற."

"வீம்பு பிடிச்ச கிழட்டுக் கழுதை!"

"ஆமா. நீ வாயை மூடிக்கிட்டு இருப்பேன்னு ரொட்டி மேல கை வச்சுச் சொல்லு."

அவள் ரொட்டி மேல் கை வைத்துச் சொன்னாள். அவளுக்காக, விஷயம் தெரிந்த நாங்களும் ஜிபாருக்குச் சொல்லவில்லை. ரொட்டி மேல் சொன்னதை மீறுகிற பழக்கம் எங்களிடம் இல்லை. அந்த ஒரு பழக்கத்தை மட்டும் நாங்கள் மீறியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பெய்ஷென் சுண்டுவிரலைப் பாதுகாக்கத் தொடங்கினார். கன்ஷாயிம் பின்னிய கம்பளிக் கையுறையை இடது கையில் மாட்டிக்கொண்டார், பட்டறையிலும் கழற்றுவதில்லை. அந்த விரலால் எதையும் தொடுவதில்லை, கம்பியைக்கூட. ஆட்டு வால் கொழுப்பை உருக்கித் தடவினார். தேநீரில் ஜாமை நிறுத்தினார். மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்கினார். பிளக் பாயிண்டுகளைப் புருலே பூட்டி, புருலே சரிபார்த்து, அவர் பக்கம் தள்ளிவிட்டாள். அவர் அவற்றை எடுத்துப் பெட்டியில் போட்டார். கையிலிருந்து நழுவி விழுந்ததைப் புருலே குனிந்து தேடி எடுத்து வைத்தாள்.

"கல்யாணத்துக்குன்னு எடுத்து வச்ச கோட்டு மாதிரி அந்த விரலை அலமாரியில பூட்டிடு. அந்துப்பூச்சி வராம ரெண்டு உருண்டையும் போட்டு வை" என்று புருல் ஒரு நாள் சீண்டினாள்.

"பூட்டினா சாவியைத் தேடவும் விரல் வேணுமே" என்றார் அவர்.

படிக்காமல் இருக்க மட்டும் அவரால் முடியவில்லை. சுண்டுவிரலைச் செலவழிக்கவும் மனம் வரவில்லை. ஒரு மத்தியானம் சம்பளச் சீட்டில் கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பழைய புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கி, உதட்டை வரியின் மேல் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார். என் காலடி கேட்டதும் இறக்கிக்கொண்டார். தாளில் எச்சில் பட்டுப் புள்ளிகள் ஊறி அமுங்கியிருந்தன.

"ஒரு வார்த்தை கிடைச்சுது, தம்பி" என்றார்.

"என்ன வார்த்தை, பைகே?"

"'ஆகையால்'."

சம்பளச் சீட்டை அவர் முன்னால் வைத்தேன். கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பனி உருகியது. மார்ச் மாதம் குழந்தைக்குச் சளி பிடித்து ஜிபார் பயணத்தைத் தள்ளி வைத்தாள். ஏப்ரலில் எர்மெக்குக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பெய்ஷென் போனில் "பரவாயில்ல, பரவாயில்ல, மெதுவா வாங்க" என்றார். சொல்லிவிட்டுக் கையுறைக்குள்ளேயே சுண்டுவிரலைக் கட்டைவிரலால் அழுத்துவார். அது அழுத்தத்தைச் சொல்கிறதா என்று பரிசோதிப்பதாக நான் முதலில் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் சோதிக்கப் பயப்படுகிறவர்போல இருந்தது. தொட்டும் தொடாமலும் அழுத்துவார், விட்டுவிடுவார்.

மே மாதத் தொடக்கத்தில், ஆப்பிள் மரங்கள் பூத்து முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வந்து சேர்ந்தார்கள். மறுநாளே முகம் பார்க்கும் நாள் என்று வைத்துவிட்டார்கள். ஒரு ஆடு அறுத்தார்கள். தரைதளத்தில் பெய்ஷெனின் வீடு கொள்ளாமல் மாடிப்படிவரை ஆட்கள். வறுத்த மாவுருண்டைகள் மேசை விரிப்பின் மேல் குவிந்திருந்தன. ஜிபார் சிவப்புத் தலைத்துணி கட்டியிருந்தாள். அய்தனா அவள் மடியில், யார் பேசினாலும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, தெம்பாக இருந்தது. எனக்குப் பார்வை உண்டு, நான் பார்த்தேன். ஜிபார் சொன்னது பொய்யில்லை. அகன்ற, கொஞ்சம் முன்தள்ளிய நெற்றி. அந்த நெற்றியைத்தான் நான் சின்ன வயதிலிருந்து மாடிப்படியில் எதிரே பார்த்து வளர்ந்திருக்கிறேன்.

பெய்ஷென் புதுச் சட்டை போட்டிருந்தார். எல்லோர் முன்னிலையிலும் கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். உள்ளேயிருந்த கை வெளுத்துப் போய், மற்றக் கையைவிட இளமையாக இருந்தது.

குழந்தையைத் தொடும் முன் கையைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த கை பட்டால் குழந்தையின் முகம் சுருங்கும், சுருங்கிய முகம் உண்மையான முகம் அல்ல. அதற்காகக் கொதித்த கெட்டிலை ஒரு துண்டில் சுற்றி நடுவில் வைப்பார்கள். ஒவ்வொருவராகத் துண்டின் மேல் கை வைத்து எடுத்துக்கொள்வார்கள். அன்று கெட்டிலை வைத்தது எர்மெக். அவனுக்குத் துண்டு சுற்றும் விஷயம் தெரியாது. பார்வையுள்ளவர்கள் வீட்டில் வளர்ந்தவன். அடுப்பிலிருந்து எடுத்த கெட்டிலை அப்படியே பலகை மேல் வைத்துவிட்டு, "இந்தாங்க மாமா" என்றான்.

பெய்ஷென் இரண்டு கைகளாலும் கெட்டிலின் வயிற்றைக் கட்டிப் பிடித்தார்.

பத்து விரலும் அதன் மேல் இருந்தன. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கூடியிருந்தவர்களைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டுகூட இருந்தார். துண்டு இல்லையே என்று எனக்கு உறைக்க ஒரு கணம் பிடித்தது. அதற்குள் புருல் மூக்கைச் சுருக்கினாள்.

"என்ன கருகுது?"

நான் பாய்ந்துபோய் அவர் கைகளைப் பிடுங்கி எடுத்தேன். விரல்நுனிகள் சிவந்து, சில இடத்தில் தோல் வெள்ளையாகத் திரண்டுகொண்டிருந்தது. ஜிபார் அலறினாள். எர்மெக் தண்ணீருக்கு ஓடினான். தொட்டியில் குளிர்ந்த நீரைக் கொண்டு வந்து அவர் கைகளை முக்கினோம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.  சத்தம் அடங்கியதும் பெய்ஷென் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"சுண்டுவிரலும் அதுல இருந்துச்சா?"

"இருந்துச்சு, பைகே."

"நல்லாப் பட்டுச்சா?"

அவர் கையைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டேன். அந்த விரலின் நுனியில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. எந்த நாளில் அது செத்தது என்று தெரியாது. கையுறைக்குள், கம்பளிக்கும் கொழுப்புக்கும் நடுவே, யாரையும் தொந்தரவு செய்யாமல் போயிருக்கிறது.

"பிள்ளையைக் குடு" என்றார் அவர்.

"அத்தா, முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம். கை..."

"குடு ஜிபார்."

அவள் அழுதுகொண்டே குழந்தையை அவர் எதிரில் உட்கார வைத்துப் பிடித்தாள். அவர் ஈரக் கைகளை நீட்டினார். பழக்கம் கையில் இருந்தது. நேராக நெற்றிக்குத்தான் போயின.  விரல்கள் நெற்றியின் மேல் நின்றன. நடக்கவில்லை. புருவத்துக்கு இறங்கவில்லை. அங்கேயே நின்றன.

நேரம் போயிற்று. மாடிப்படியில் யாரோ இருமினார்கள். யாரோ கிசுகிசுத்தார்கள். இரண்டாவது மாடி விஷயம் எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஜிபார் அந்தக் கட்டிடத்தில் பிறந்து வளர்ந்தவள். அந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும். எர்மெக்குக்கும் அவள் எப்போதோ சொல்லியிருப்பாள் போல. அவன் முகம் கறுத்தது.

"என்ன மாமா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

பெய்ஷெனின் விரல்கள் நெற்றியிலேயே இருந்தன.

"நாங்க அவ்வளவு தூரத்திலேருந்து வந்தது இதுக்கா? எல்லாரும் என்ன நினைப்பாங்க?"

புருல் குறுக்கே விழுந்தாள். "மூக்கைப் பாரு பெய்ஷென், அப்பன் மூக்குத்தானே? எனக்கு இங்கேருந்தே தெரியுதே! சொல்லேன்யா!" அவள் அவருக்கு விடையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அதை வாங்கிச் சொல்லியிருக்கலாம். அப்பன் மூக்கு, பாட்டி நெற்றி. இரண்டு வார்த்தை. கட்டிடம் நம்பியிருக்கும்.

அவர் மகள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஜிபார், என் கை இப்போ அவ மேலதான் இருக்கா?"

அவள் முதலில் புரியாமல் அவரைப் பார்த்தாள். பிறகு அந்தக் கைகளைப் பார்த்தாள். கெட்டிலைப் பார்த்தாள். எர்மெக் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஆமா அத்தா" என்றாள். "நெத்தியில இருக்கு."

"அழுத்திடப் போறேன். பாத்துக்க."

"எப்போலேருந்து அத்தா? ஏன் என்கிட்ட சொல்லல? நான் குளிர்காலத்துலேயே வந்திருப்பேனே! சளின்னுகூடப் பார்த்திருக்க மாட்டேனே!"

அவர் கைகளை எடுத்துக்கொண்டார். ஜிபார் குழந்தையைத் தூக்கி அதன் கன்னத்தை அவர் உதட்டில் வைத்தாள். அவர் முத்தமிட்டார். உதட்டை நெற்றிக்கு நகர்த்தினார், மூக்குக்கு நகர்த்தினார். அய்தனா கூசிச் சிரித்தது. அவர் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பால் வாசனை. சூடு" என்றார். "எல்லாப் பிள்ளையும் இப்படித்தான் இருக்கும்."

யாரும் வெளியே போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. முறைப்படி யாராவது முகம் சொல்லியாக வேண்டும். புருல் முழங்காலால் நகர்ந்து முன்னால் வந்தாள். உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு குழந்தையின் முகத்தில் வைத்தாள். அவளுடைய விரல்கள் மெதுவாக இறங்கின.

"மூக்கு அப்பனோடது" என்றாள் சத்தமாக, மாடிப்படிக்கும் கேட்கும்படி. "தாடையும் அப்பனோடதுதான். நெத்தி..." விரல்கள் மறுபடி மேலே ஏறின. "நெத்தி கன்ஷாயிமோடது. அதேதான், பெய்ஷென். இம்மிகூட மாறல."

"எப்படி இருக்கு?"

"அதான் சொன்னேனே. அவளோடது."

"அவளோடது எப்படி இருக்கும்?"

"என்னய்யா கேள்வி இது? உனக்குத் தெரியாததா?"

"விரல்லதான் வச்சிருந்தேன், புருல். இப்போ தேடிப் பார்க்குறேன், அங்க இல்ல."

கன்ஷாயிமின் நெற்றியை எப்படிச் சொல்வது என்று புருலுக்குத் தெரியவில்லை. அகலம் என்றாள். உருண்டை என்றாள். நடுவில் ஒரு சின்ன மேடு, மேட்டுக்குப் பிறகு இறக்கம் என்றாள். அவர் ஒவ்வொன்றுக்கும் "ம், அப்புறம்?" என்றார். வார்த்தை தீர்ந்ததும் அவள் அவருடைய புறங்கையைப் பிடித்து அதன் மேல் வரைந்தாள். உணர்கிற கை, வரைகிற விரலுக்குக் கொஞ்சமாவது இசைந்து கொடுக்கும். அவர் கை இசையவில்லை. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையை விட்டுவிட்டு அவருடைய கன்னத்தில் வரைந்தாள். அங்கே உணர்ச்சி இருந்தது. அந்த அகலம், அந்த வளைவு, நடுவில் மேடு என்று குழந்தையை ஒரு தரம் தடவுவதும், அவர் கன்னத்தில் ஒரு தரம் வரைவதுமாக நிதானமாகச் செய்தாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்பதுபோல இருந்தார்.

"தெரியுதா?" என்றாள்.

"தெரியுது."

"எப்படி இருக்கு?"

"உன் விரல் தெரியுது, புருல். சொரசொரன்னு. திருகு முறுக்கி முறுக்கிக் காய்ச்சுப் போயிருக்கு."

புருல் விரலை எடுத்துக்கொண்டாள். ஜிபார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் கொண்டுவந்த பரிசுகளை ஒவ்வொன்றாக விரிப்பின் மேல் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகப் போகத் தொடங்கினார்கள். கம்பி நெடுநேரம் அதிர்ந்துகொண்டிருந்தது. வாசலோரம் உட்கார்ந்திருந்த பெய்ஷென், எல்லோரும் போய்விட்டார்களா என்று என்னிடம் கேட்டார். அவருடைய கை அந்தக் கம்பியின் மேல்தான் இருந்தது.